வன்னிக் காடும் வயலும், செய்மதிப் பார்வையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகச் செய்மதிப் படங்களையும் ஆழக்கற்றல் மொடல்களையும் (உதாரணப் படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்களையும்) வைத்துக்கொண்டு, வன்னியில் எங்கே காடு குறைந்தது, எங்கே வயல் கூடியது, எங்கே வயலே காடாகிப் போனது என்று பார்த்து வருகிறேன். கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் ஐயாமார் கேட்டதும், பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்டதும், ஒரு கிராம அலுவலர் தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டதும் இங்கே இருக்கின்றன. வரிசைப்படுத்த முயன்றேன், முழுக்க முடியவில்லை.

செய்மதிக்கு என் வயல் தெரியுமா?

தெரியும். ஆனால் வரப்பில் நின்று நீங்கள் பார்ப்பது போலத் தெரியாது. இலவசமாகக் கிடைப்பவற்றில் கூர்மையானது ஐரோப்பியர்களின் சென்டினல்-2. அதன் படத்தில் ஒரு சதுரம் என்பது தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஒரு ஏக்கர் வயலில் ஏறத்தாழ 40 சதுரங்கள் விழும். அமெரிக்காவின் லாண்ட்சாட்டில் சதுரம் 30 மீற்றர், அதே ஏக்கருக்கு நாலரைச் சதுரம்தான். வரப்பு, சிறு வாய்க்கால், வேலியில் நிற்கும் பூவரசு எதுவும் தனியே தெரியாது. பனங்கூடல் ஒரு பச்சைத் திட்டாகத் தெரியும், பனை தெரியாது.

கைபேசி வரைபடத்தில் வீட்டுக் கூரையே தெரிகிறதே என்பார்கள். அவை வணிக நிறுவனங்கள் எடுத்த, அரை மீற்றர் அளவுக்குக் கூர்மையான படங்கள். பார்க்க அழகுதான், ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் எப்போதாவது ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். மாற்றத்தைப் பிடிக்க ஒரு அழகான படத்தை விட, சுமாரான நூறு படங்கள் மேல். சென்டினல்-2 இன் இரண்டு செய்மதிகள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை எங்களுக்கு மேலால் போகின்றன.

மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதா?

அடிப்படை அதுதான். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி எறியும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரச் சுட்டெண் கிடைக்கும். அடர்ந்த காட்டில் அது 1 ஐ நெருங்கும், வெறும் மண்ணில் பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், தண்ணீரில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். போன வருடம் 0.8, இந்த வருடம் 0.2 என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் வன்னியில் வருடத்துக்கு இரண்டு தடவை எல்லாமே மாறும். காலபோகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் தண்ணீர் கட்டி உழும்போது வயல் குளமாகத் தெரியும். ஜனவரியில் அதே வயல் காட்டை விடப் பச்சை. மார்ச்சில் அரிவு வெட்டிய பிறகு வெறும் தாள். குளத்துத் தண்ணீர் கிடைத்தால் ஏப்ரலுக்குப் பிறகு சிறுபோகம், கிடைக்காவிட்டால் செப்டெம்பர் வரை மாடு மேயும் தரிசு. மழைக் காலத்துப் படத்தையும் கோடைப் படத்தையும் எடுத்துக் கழித்தால் மாவட்டம் முழுவதும் அழிந்துவிட்டதாக வரும். ஆகவே ஒரே மாதத்தை வருடம் வருடமாக ஒப்பிட வேண்டும், அல்லது வருடம் முழுவதற்குமான ஏற்ற இறக்கத்தையே ஒரு கோடாக எடுத்துப் பார்க்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். காட்டின் கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நெல்வயலின் கோடு மேட்டில் ஏறும் லான்மாஸ்டர் உழவு இயந்திரம் போலத் தூக்கிப்போடும்.

அப்படியென்றால் ஆழக்கற்றல் எதற்கு?

ஒற்றைச் சதுரத்தின் எண்ணை மட்டும் பார்த்தால் காய்ந்த பற்றைக்கும் காய்ந்த வயலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள், ஏனென்றால் வயலுக்கு நேர்க்கோட்டு விளிம்பு இருக்கிறது, பக்கத்தில் வாய்க்கால் இருக்கிறது, மேலே குளம் இருக்கிறது. சுற்றத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ஆழக்கற்றல் வலையமைப்பும் அதைத்தான் செய்ய முயல்கிறது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உருவம், விளிம்பு, அடர்த்தி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. 256 சதுரம் அகலமுள்ள துண்டு என்றால் தரையில் இரண்டரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு சிறு குளமும் அதன் வயல்வெளியும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் யூ-நெட் என்ற வலையமைப்பு 2015 இல் ஜெர்மனியின் பிரைபேர்க்கில் பிறந்தது. காட்டுக்காகச் செய்ததல்ல, நுணுக்குக்காட்டிப் படங்களில் உயிரணுக்களின் எல்லையை வரைவதற்காகச் செய்தது. உயிரணுவின் விளிம்பை வரைந்தது வயலின் விளிம்பையும் வரைகிறது. மாற்றம் பார்க்க அதையே இரட்டையாக்குவார்கள். முன்னைய படம் ஒன்றுக்குள், பிந்திய படம் மற்றதற்குள், இரண்டுக்கும் ஒரே எடைகள் (மொடல் கற்றுக்கொண்ட எண்கள்). இரட்டைப் பிள்ளைகளிடம் இரண்டு படத்தைக் கொடுத்து, எது எது வித்தியாசம் என்று கேட்பது போல. 2018 இலிருந்து இந்த அமைப்பு செய்மதி வேலையில் பரவலானது.

இருந்தாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பல வேலைகளுக்கு இவ்வளவு பெரிய ஆயுதம் தேவையில்லை. ஒரு போகத்தில் எவ்வளவு விதைத்தார்கள் என்று மட்டும் அறிய, வருடத்து ஏற்ற இறக்கக் கோடும் பழைய ரேண்டம் பாரஸ்ட் முறையும் (பல சின்ன ஆம்-இல்லை விதிகளின் வாக்கெடுப்பு) போதும். மடிக்கணினியிலேயே ஓடும். ஆழக்கற்றல் என்ற பெயர் போட்டால் திட்டத்துக்குக் காசு வரும் என்பதற்காகச் செய்யப்படும் வேலைகளும் உண்டு.

வெளிநாட்டில் பயிற்றுவித்த மொடலை அப்படியே இறக்கிப் பயன்படுத்த முடியாதா?

நான் முதலில் செய்தது அதுதான். பட்டது போதும்.

மாற்றம் கண்டறிய எல்லோரும் முதலில் எடுக்கும் திறந்த தரவுத் தொகுப்பில் 24 சோடிப் படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் நகரங்கள்: புதுக் கட்டடம், புது வீதி. அதில் படித்த மொடல் வன்னிக்கு வந்தால் பெரிய நகரத்துப் பிள்ளை முதல்முறை காட்டுக்குள் வந்தது போல எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படும். என் திரையில் வந்த முதல் பயங்கள் இவை.

குளத்தின் அலைகரை. மாரியில் தண்ணீர், ஓகஸ்டில் வெடித்த மண், மறுபடி சிறு தூறல் விழுந்தால் புல். வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் கட்டுக்கரைக்குளத்திலும் இந்த வளையம் அகலமானது. மொடல் அதைக் காடழிப்பு என்றும், மூன்று மாதம் கழித்துக் காடு வளர்ந்தது என்றும், பிறகு வெள்ளம் என்றும் சொன்னது. இதற்கு மருந்து சுலபம். 1984 முதலான லாண்ட்சாட் படங்களை வைத்து உலகம் முழுவதும் எங்கே எப்போது நீர் நின்றது என்று ஐரோப்பிய ஆய்வு மையம் வரைபடம் போட்டிருக்கிறது. அதை எடுத்துப் பருவத்துக்குப் பருவம் நனைந்து காயும் இடங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது தேக்கு. வன்னியில் நட்டு வளர்த்த தேக்கந்தோட்டங்கள் பல உண்டு. பாலையும் வீரையும் கோடையிலும் பச்சையாக நிற்கும், தேக்கு இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். வருடம் தவறாமல் ஒரு ‘காடழிப்பு’, வருடம் தவறாமல் ஒரு ‘மீட்சி’. தோட்டத்தின் நேர்க்கோட்டு எல்லையைப் பார்த்து மொடல் இன்னும் உறுதியாக ‘டோசர் போட்டார்கள்’ என்றது. கொண்டச்சிப் பக்கத்து மரமுந்திரிகைத் தோட்டம் மறுபக்கமாகக் குழப்பியது, அதைக் காடு என்றே வைத்திருந்தது.

மூன்றாவது, மானாவாரி வயல். மழை பிந்தினால் விதைப்பும் பிந்தும். போன நவம்பரில் பச்சை, இந்த நவம்பரில் புழுதி. மொடலுக்கு அது நில மாற்றம், எங்களுக்கு அது வானம் பார்த்த விவசாயம்.

ஆகவே வன்னியில் எடுத்த உதாரணங்களால் மறுபடி பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. முழுவதையும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே பெருந்தொகைப் படங்களைப் பார்த்துப் பழகிய மொடலின் அடித்தளத்தை வைத்துக்கொண்டு கடைசி அடுக்குகளை மட்டும் எங்கள் மண்ணுக்குத் திருத்தினால் போதும். 2023 இல் நாசாவும் ஐபிஎம்மும் வெளியிட்ட பிரித்வி அப்படியான அடித்தள மொடல். பெயர் சமஸ்கிருதம், சரக்கு அமெரிக்கா.

“பிள்ளை, உந்தப் படத்தில என்ர வயல் காடெண்டு கிடக்கு. ஏன்?”

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கூட்டமொன்றில் ஒரு ஐயா எழுந்து கேட்டார். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

என் வரைபடத்தில் 2005 இல் அவருடைய நிலம் கரும்பச்சை, 2015 இல் வயல். அதற்கு மேல் சிவப்பு நிறத்தில் ‘காடு வயலாக மாறியது’ என்று தீட்டியிருந்தேன். கூட்டம் முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய வயல் முடிந்து பற்றை தொடங்கும் இடத்தில், இன்னும் துப்புரவாக்காத பங்காளியின் துண்டுக்குள் புகுந்தோம். விடத்தல், சூரை, நாயுண்ணி. காலால் தட்டிக் காட்டினார், இலைச் சருகுக்குக் கீழே வரப்பு அப்படியே கிடந்தது. கொஞ்சம் உள்ளே போனால் இடிந்த கிணற்றுக்கட்டு, பக்கத்தில் ஒரு புளி, இரண்டு மா. காட்டில் மா தானாக முளைத்து வரிசையில் நிற்காது.

இடம்பெயர்வுகளால் வருடக்கணக்காக விடப்பட்ட வயல் அது. 2009 க்குப் பிறகு மீளக் குடியேறி, பற்றையை வெட்டி, பழைய வரப்பைத் தேடிப் பிடித்து விதைத்திருக்கிறார். மேலிருந்து பார்த்த செய்மதி பொய் சொல்லவில்லை. 2005 இல் அங்கே மரமும் பற்றையும்தான் இருந்தன. ஆனால் செய்மதி பார்ப்பது நிலத்தின் மேலே போர்த்தியிருப்பதை. அது யாருடைய நிலம், எதற்கான நிலம் என்பது போர்வைக்குக் கீழே இருக்கிறது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வரையறையும் இதை ஒத்துக்கொள்கிறது: அரை ஹெக்டேயருக்கு மேல், 5 மீற்றருக்கு உயர்ந்த மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் விதானம் (மர உச்சிகள் நிலத்தை மூடும் அளவு), அதோடு அந்த நிலம் பிரதானமாக விவசாயத்துக்கோ குடியிருப்புக்கோ உரியதாக இருக்கக்கூடாது. முதல் மூன்றைக் கணினி அளக்கும். நான்காவதை யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து காடு, வயல் என்ற இரண்டு பெட்டியை விட்டுவிட்டு நான்காக்கினேன்: பழங்காடு, பற்றைக்காடு, கைவிட்ட வயல், வயல். கைவிட்ட வயலைக் கணினியால் பிடிக்க முடியுமா என்று கேட்டால், ஓரளவுக்கு முடியும். இருபது வருடப் பற்றையிலும் பழைய வயல்வெளியின் விளிம்பு நேராகத் தெரிகிறது, பழங்காட்டின் விளிம்பு அப்படி இருக்காது. ஒரு குளத்தின் கட்டுக்குக் கீழே, வாய்க்கால் போகும் சரிவில் இருக்கும் பற்றை பெரும்பாலும் யாரோ ஒருவரின் வயல். இந்த இரண்டையும் மொடல் கற்றுக்கொண்டது. ஆனால் கற்றுக்கொடுத்த உதாரணங்கள் எல்லாம் அந்த ஐயா மாதிரி ஆட்கள் கூட நடந்து காட்டியவை.

மன்னாரில் முசலிப் பக்கத்துக் கதையும் இதையே சொல்கிறது, இன்னும் கசப்பாக. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி ஊர்களை இரண்டு தசாப்தங்களில் காடு மூடியது. 2012 இல் அங்கே ஒதுக்கக் காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மக்கள் திரும்பியபோது, பக்கத்துத் தேசிய வனமான ‘வில்பத்துவை அழிக்கிறார்கள்’ என்று நாடு முழுவதும் சத்தம் எழுந்து, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்காகி, 2020 இல் மீளக் காடாக்கும்படி தீர்ப்பும் வந்தது. எங்கே பழங்காடு வெட்டப்பட்டது, எங்கே பழைய ஊர் திறக்கப்பட்டது என்பதை அந்தச் சத்தத்துக்குள் யாரும் பிரித்துக் கேட்கவில்லை. முன், பின் என்று இரண்டு செய்மதிப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பகிர்வது எவ்வளவு சுலபமோ அவ்வளவு ஆபத்து. ‘முன்’ எது என்று தெரிவு செய்பவர் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார்.

போர்க்காலத்துப் படங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, ஓட்டைகளோடு. சென்டினல்-2 இன் முதல் செய்மதி ஏவப்பட்டது 2015 இல். மீள்குடியேற்றம் பெரும்பாலும் அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. ஆகவே எங்களுக்கு மிக முக்கியமான வருடங்களுக்கு லாண்ட்சாட்டைத்தான் நம்ப வேண்டும். 1984 இல் ஏறிய லாண்ட்சாட்-5 இல் படத்தைச் சேமித்து வைக்கும் கருவி கிடையாது, தரை நிலையத்துக்கு எட்டும்போது அப்போதே அனுப்ப வேண்டும். அதனால் எங்கள் பக்கத்துத் தொகுப்பு ஒட்டுப்போட்ட சாரம் மாதிரி. லாண்ட்சாட்-7 இல் 2003 மே 31 அன்று ஒரு திருத்தும் கருவி பழுதடைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதம் கறுப்புக் கோடுகளாக விடுபட்டிருக்கும். லாண்ட்சாட்-8 வந்தது 2013 இல். இடைப்பட்ட பத்து வருடம்தான் வன்னிக்கு எல்லாம் நடந்த பத்து வருடம்.

பல திகதிப் படங்களை அடுக்கி, கோடு விழுந்த இடத்தை இன்னொரு படத்தால் நிரப்பலாம். வருடத்துக்கு ஒரு சுத்தமான படம் தேறினால் அதிர்ஷ்டம்.

மாரியில் மேகம் மூடிவிடுமே?

மூடும். வடகீழ்ப் பருவமழை வீசும் மாதங்களில்தான் காலபோக நெல் வளர்கிறது, அந்த மாதங்களில்தான் சென்டினல்-2 இன் படத்தில் பஞ்சுப்பொதி மட்டும் தெரிகிறது. இதற்கு ரேடார் வேண்டும். சென்டினல்-1 தானே அலையை அனுப்பித் தானே வாங்கிக்கொள்கிறது, மேகமும் இரவும் அதற்குப் பொருட்டில்லை. அலைநீளம் ஐந்தரைச் சென்ரிமீற்றர் அளவு. தண்ணீர் நிற்கும் வயலில் அலை கண்ணாடியில் பட்டது போல வேறு பக்கம் தெறித்துப் போகும், படத்தில் கறுப்பு. பயிர் எழும்ப எழும்ப வெளுக்கும். விதைப்புத் திகதியைக் கூட ஊகிக்கலாம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கினவே, அப்படியான நேரத்தில் எந்த வயல் எத்தனை நாள் தண்ணீருக்குள் கிடந்தது என்று காட்டக்கூடியது ரேடார்தான். நட்டஈட்டுப் பட்டியல் எழுதுபவர்கள் இதைப் பார்த்தால் நல்லது.

காட்டுக்கு வந்தால் ரேடாருக்கும் ஏமாற்றம் உண்டு. ஐந்தரைச் சென்ரிமீற்றர் அலை விதானத்தின் மேல் இலையிலும் சிறு கொப்பிலும் பட்டே திரும்பிவிடும். காடு வெட்டிய இடத்தில் மழை பெய்து மண் நனைந்தால் அந்த மண்ணும் பளிச்சென்று தெரியும், வெட்டியதே தெரியாமல் போகும். அடிமரம் வரை இறங்க 24 சென்ரிமீற்றர் அலை வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, அதைக் கொண்டிருக்கிறது. எனக்கு அதில்தான் இப்போது ஆசை.

கள்ள மரம் வெட்டுவதைப் பிடிக்குமா?

ஒரு முதிரையையோ பாலையையோ அறுத்து இழுத்துப் போனால் பிடிக்காது. ஒரு மரத்தின் விதானம் ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும், பக்கத்து மரங்கள் ஓட்டையை மூடிவிடும். உள்ளே போட்ட பாதை, கிரவல் கிடங்கு, மரம் ஏற்றத் துப்புரவாக்கிய வெளி இவைதான் தெரியும். களவு நடந்து முடிந்த பிறகு கிடைக்கும் தடயங்கள்.

யானை தெரியுமா?

10 மீற்றர் படத்தில் தெரியாது. 30 சென்ரிமீற்றர் அளவிலான வணிகப் படங்களில் ஆபிரிக்க யானைகளை ஆழக்கற்றலால் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அது வெளியான நிலம். எங்கள் யானை பகலில் காட்டுக்குள் நிழலில் நிற்கும், இரவில் வாழைக்கு வரும்.

மொடல் 95 சதவீதம் துல்லியம் என்கிறார்கள். நம்பலாமா?

எந்த 95 என்று கேளுங்கள். ஒரு பிரிவில் நூற்றில் ஒரு பங்கு நிலம்தான் மாறியது என்று வையுங்கள். ‘ஒன்றும் மாறவில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மொடலுக்கும் 99 சதவீதம் கிடைக்கும். ஆகவே இரண்டு எண்ணைத் தனித்தனியே கேட்க வேண்டும்: மாறியது என்று சொன்னதில் எத்தனை உண்மை, உண்மையில் மாறியதில் எத்தனையைப் பிடித்தது.

அடுத்த கள்ளம் சோதனையில் நடக்கும். ஒரு வயல்வெளியை நூறு துண்டாக்கி எண்பதைப் படிக்கக் கொடுத்து இருபதைப் பரீட்சைக்கு வைத்தால், பக்கத்துத் துண்டைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. நான் மாந்தை மேற்கை முழுமையாக ஒளித்து வைத்துவிட்டு, முல்லைத்தீவுப் பக்கத்தில் பயிற்றுவித்துச் சோதிப்பேன். மதிப்பெண் விழும். விழுந்த மதிப்பெண்தான் உண்மை.

பரப்பளவு சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். கணக்காகச் சொன்னால், மொடல் 100 ஏக்கர் மாறியது, 10,000 ஏக்கர் மாறவில்லை என்கிறது. தரையில் போய்ப் பார்த்தால் அந்த 100 இல் 75 தான் உண்மை. ஆனால் மாறவில்லை என்றதில் நூற்றுக்கு ஒன்று பிழை என்றாலே இன்னொரு 100 ஏக்கர் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உண்மை 175 க்குக் கிட்ட. வரைபடத்தில் சிவப்புச் சதுரங்களை எண்ணி ‘இத்தனை ஏக்கர் காடு அழிந்தது’ என்று பத்திரிகைக்குக் கொடுப்பவர்கள் இந்த ஒரு கணக்கைச் செய்தாலே அரைவாசிச் சண்டை குறையும்.

குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் எங்கள் ஊர் சிவப்பாக இருக்கிறது. உண்மையா?

அங்கே போய்ப் பார்ப்பதற்கான காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளம் காட்டுவது மர மூடலின் இழப்பை, 2001 முதல், 30 மீற்றர் சதுரத்தில். தேக்கந்தோட்டத்தை அறுவடை செய்தாலும் சிவப்பு, கைவிட்ட வயலைத் திறந்தாலும் சிவப்பு. இன்னொன்று, பிந்திய வருடங்களில் செய்மதியும் கணிப்பு முறையும் கூர்மையாகிவிட்டன, ஆகவே முந்திய வருடங்களோடு நேரே ஒப்பிட்டு ‘இழப்பு இத்தனை மடங்கு கூடியது’ என்று வரைபு கீறக்கூடாது. தளக்காரர்களே இந்த எச்சரிக்கையைப் போட்டிருக்கிறார்கள். வாசிப்பவர்கள் குறைவு.

உங்களுக்கு நடந்த பெரிய பிழை எது?

2022 பெப்ரவரியில் மொடலை ஓட்டினேன். வன்னி முழுக்கக் காடு மங்கியிருந்தது. பூநகரி தொடங்கி நெடுங்கேணி வரை, ஒரே மாதத்தில். பூச்சியா, வரட்சியா என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு நண்பர்களையும் பயமுறுத்தினேன். பிறகுதான் தெரிந்தது, 2022 ஜனவரி 25 இலிருந்து சென்டினல்-2 படங்களின் ஒவ்வொரு எண்ணோடும் 1000 ஐக் கூட்டி வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கழிக்காமல் தாவரச் சுட்டெண் கணக்கிட்டால் எல்லாம் வாடிவிடும். அறிவிப்பு முன்னரே வந்திருந்தது. நான் வாசிக்கவில்லை. செய்மதிப் படங்களை இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் ஏர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாக இருக்கிறது, தொடங்குபவர்கள் அதையே எடுங்கள்.

படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இலவசம். உங்கள் ஊர்க் குளத்தின் பத்து வருடப் படங்களை இறக்கிக் கண்ணால் பாருங்கள், ஒரு மாதம். அப்புறம் ஏர்த் எஞ்சின், ஆய்வுக்கும் கல்விக்கும் காசில்லை. அதற்குப் பிறகுதான் பைதன் நிரல்மொழியும் பைடோர்ச் என்ற ஆழக்கற்றல் கருவியும். நல்ல கணினி இல்லையென்றால் கூகுளின் இணையக் கணினியான கோலாப்பில் யூ-நெட் ஒன்றைப் பயிற்றுவிக்கலாம், மின்வெட்டுக்கு இடையிலேயே சேமித்துக்கொள்ளுங்கள். நேராக ஆழக்கற்றலில் குதித்த பிள்ளைகள் பலர், காலபோகம் எந்த மாதம் தொடங்குகிறது என்று தெரியாமலே மொடல் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படத்தைக் காணி வழக்கில் காட்டலாமா?

சட்டத்தரணியைக் கேளுங்கள், நான் அல்ல அதற்கு ஆள். என் அனுபவத்தில் செய்மதிப் படம் தனியே நிற்காது, துணைக்கு நிற்கும். பெமிட், உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம், 1956 வான்படம் இவற்றோடு சேர்த்து வைத்தால் பேசும். 1988 லாண்ட்சாட்டில் வயல், 2005 இல் பற்றை, 2012 இல் மறுபடி வயல் என்று மூன்று காலத்தையும் காட்டுங்கள். இரண்டு காலம் மட்டும் காட்டினால் எதிர்த்தரப்பும் வேறு இரண்டு காலத்தைக் கொண்டு வரும்.

கணினி தெரியாது. நான் ஏதும் உதவ முடியுமா?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கைபேசியில் இருப்பிடத்தைப் போட்டுவிட்டு, நிலத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். இப்போது அங்கே என்ன இருக்கிறது, அதற்கு முன் என்ன இருந்தது, எப்போது மாறியது என்று ஒரு குரல் பதிவு. நெல், கச்சான், உழுந்து, தரிசு, பற்றை, எதுவானாலும். ஓகஸ்டில் குளம் வற்றும்போது ஒன்று, டிசம்பரில் ஒன்று என்றால் இன்னும் நல்லது. வருடம் ஞாபகமில்லை என்று தயங்க வேண்டாம். ‘சுனாமிக்கு முதல்’, ‘நாங்கள் திரும்பி வந்த வருசம்’, ‘இரணைமடு வான் பாய்ஞ்ச வருசம்’ என்று சொன்னால் போதும். திகதியைப் படத்தில் நான் தேடிக்கொள்கிறேன்.